இன்று பகல் அறிவிக்கப்படவில்லை

கடையநல்லூர் ஷரீபுன்னிசா செய்த குற்றம் இதுதான்: வீட்டுக் காரின் முன்னால், இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் பகலில் எரிந்துகொண்டிருக்கும் இரண்டு சின்ன விளக்குகளில் ஒன்று ஃபியூஸ் போய்விட்டது. அவள் இரண்டையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்புகளை மாட்டினாள்.

கார் அவள் கணவன் அகமது கபீருடையது. அவன் தம்மாமில் ஒரு வீட்டில் டிரைவர். போன தடவை லீவில் வந்தபோது பழைய கார் ஒன்றை வாங்கி, ஆசை தீரும் முன்பே விமானம் ஏறிவிட்டான். போகும்போது, "வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வையி, இல்லாட்டி பேட்டரி எறங்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஷரீபுன்னிசா சொன்னபடி ஸ்டார்ட் செய்தாள். கொஞ்ச நாளில் கேட் வரை நகர்த்திப் பார்த்தாள். பிறகு தென்காசியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்சும் வாங்கினாள். இதையெல்லாம் அவனிடம் போனில் சொல்லவில்லை. அவன் வரும் நாளில் திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் தானே காரோடு போய் நிற்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வேறு யாருக்கும் தெரியாத ஆசை என்பதால் அது நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பல்பு மாற்றுவதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். பானெட்டைத் திறந்து, விளக்கின் பின்பக்கம் கையை நுழைத்து, ஹோல்டரைத் திருகினால் பல்பு கையோடு வந்தது. உள்ளே கண்ணாடி கறுத்திருந்தது. புதியதில் ஒன்று எரியவில்லை. கழற்றித் திருப்பி மாட்டினாள், எரிந்தது. ஆனால் டேஷ்போர்டில் 'பல்பு போய்விட்டது' என்று மஞ்சள் எச்சரிக்கை வந்து நின்றுகொண்டது. இவ்வளவு குறைந்த கரண்டில் ஒரு பல்பு எரிய முடியும் என்பதைக் கார் நம்பவில்லை. தென்காசியில் பல்பு விற்ற கடைக்காரர் கரண்டைக் கூடுதலாக இழுக்கும் இரண்டு ரெசிஸ்டர் கொடுத்தார். அதை இணைத்ததும் கார் சமாதானமாகிவிட்டது.

அரசாங்கத்தைச் சமாதானப்படுத்த அப்படி ஒரு சாமான் கடையில் இல்லை.

தென்காசிக்குள் நுழையும் இடத்தில் சாரல் தூறிக்கொண்டிருந்தது. பளபளக்கும் பச்சை ஜாக்கெட் போட்ட ஒருவர் குடையை ஆட்டிக் காரை நிறுத்தினார். மாவட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த 'பகல் ஒளி நெறிப்படுத்தும் அலுவலக'த்தின் கள ஆய்வாளர் சங்கரநாராயணன் அவர். கழுத்தில் ஒளியை அளக்கும் மீட்டர் தொங்கியது.

"லைட்டு எரியுதே?" என்றார்.

"பகல்ல எரியுற லைட்டுதான் சார் அது."

"அது எங்களுக்குத் தெரியாதா? ஏன் இவ்வளவு நல்லா எரியுதுன்னு கேக்கேன்."

"புது பல்பு சார். நான்தான் மாத்துனேன்" என்றாள்.

அவர் மீட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து முன்கண்ணாடியில் ஒட்டினார். 'இவ்வாகனம் சாலையில் ஓடத் தகுதியற்றது.' டிரைவர் பார்க்க வேண்டிய இடத்தைப் பாதி மறைத்துக்கொண்டு அது உட்கார்ந்தது.

"இனிமே இந்த வண்டி ரோட்டுல ஓடக்கூடாது. நேரா ஓட்டிக்கிட்டு ஆபீசுக்கு வாங்க" என்றார்.

அலுவலகம் மாடியில் இருந்தது. ஒளி நெறிப்படுத்தும் அலுவலகம் என்பதால் தேவைக்கு மேல் வெளிச்சம் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களுக்கு எதிரே பீரோக்கள் நின்றன. தலைக்கு மேலே டியூப் லைட் விட்டுவிட்டுத் துடித்தது. கண்காணிப்பாளர் அகிலாண்டேஸ்வரி, செல்போன் டார்ச்சை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"டியூப் லைட்டை மாத்தக் கூடாதாம்மா?" என்று ஷரீபுன்னிசா தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"அது ராத்திரி வெளக்கு. அதுக்கு வேற டிபார்ட்மென்ட். நாம தொட்டா அத்துமீறல் ஆயிரும்" என்றார் அகிலாண்டேஸ்வரி அன்பாக.

மண்டல ஒளி நெறியாளர் தாணுமாலயன் உள்ளறையில் இருந்தார். நல்ல மனிதர். யாரைக் கண்டாலும் உட்காரச் சொல்லி, சட்டத்தைத் தாமே விளக்குவார். அது முடிவதற்குள் பல பேர் தங்கள் வேலையை மறந்து வீடு திரும்பியிருக்கிறார்கள்.

"ஒளின்னா என்னம்மா?" என்று அவர் ஆரம்பித்தார்.

"வெளிச்சம் சார்."

"தப்பு. ஒளிங்கிறது அனுமதி. கம்பெனி எந்த வெளிச்சத்தோட வண்டியை அனுப்பிச்சுதோ, அதுதான் அந்த வண்டிக்கு விதிச்ச வெளிச்சம். உங்க வண்டிக்கு மங்கலான மஞ்ச வெளிச்சம் விதிச்சிருக்கு. நீங்க பாட்டுக்குப் பளீர்னு வெள்ளையா மாத்திட்டீய. நாளைக்கு எல்லாரும் நல்லா வெளிச்சம் போட்டுட்டா, இந்த அலுவலகம் எதுக்கு? சொல்லுங்க."

அவரே தொடர்ந்தார்.

"ஒரு லைட்டு ஃபியூஸ் போயி ஓடுன காலத்துல உங்களை யாராவது நிப்பாட்டுனாங்களா?"

"இல்ல சார்."

"நிப்பாட்ட மாட்டோம். எரியாத வெளக்கால விதிமீறல் வரவே வராது. எரிஞ்சாத்தான் வம்பு." இதைச் சொல்லிவிட்டுத் தன் வாக்கியம் தனக்கே பிடித்துப்போய், சங்கரநாராயணனை அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

ஷரீபுன்னிசா மெதுவாகத் தன் கதையைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கணவர் வருகிறார், கார் வேண்டும். தாணுமாலயன் கவனமாகக் கேட்டார். கார் கணவர் பெயரில் இருப்பதால், ஸ்டிக்கரை எடுக்க அவர் நேரில் வந்தாக வேண்டும் என்றார்.

"அவுஹ வரணும்னா நான் போயிக் கூட்டிட்டு வரணும் சார். கூட்டிட்டு வர இந்தக் காருதான் போகணும்."

"டாக்சி வச்சுக்கலாமே?"

"டாக்சியில போறதுக்கா சார் நான் ஓட்டப் படிச்சேன்?"

அறையில் டியூப் லைட் இரண்டு தடவை துடித்தது. தாணுமாலயனுக்கு அந்தப் பதில் புரிந்த மாதிரி ஒரு கணம் இருந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு, மாற்று வழி ஒன்று இருக்கிறது என்றார். பகல் ஒளிப் பரிசோதனையில் தேறினால் உரிமையாளர் வராமலே ஸ்டிக்கரை எடுக்கலாம். பரிசோதனையைப் பகலில் நடத்த வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' என்பதில் அவள் ஏமாந்துபோனாள்.

மறுநாள் காலையில் போனாள். குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. மலையை மேகம் மூடிக் கிடந்தது, தென்காசித் தெருக்களில் சாரல் விடாமல் தூறியது. சங்கரநாராயணன் மொட்டைமாடிக்குப் போய் மீட்டரை வானத்துக்குக் காட்டிவிட்டு இறங்கி வந்தார்.

"பகல் இல்லை" என்றார்.

"சார், மணி பதினொண்ணு ஆவுது!"

"மணி ஆகலாம். பகலுக்குன்னு ஒரு குறைந்தபட்ச வெளிச்சம் விதிச்சிருக்கு. அது வரலை. அதனால இது பகல் கிடையாது."

"அப்ப இது ராத்திரியா?"

"ராத்திரின்னு சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை."

அலுவலக வாசலில் உடனே ஒரு பலகை தொங்கியது: 'இன்று பகல் அறிவிக்கப்படவில்லை.' அதைப் படித்த அலுவலர்கள் சிந்தனையில் ஆழ்ந்தார்கள். அலுவலக நேரம் என்பது பகல் நேரம். பகலே இல்லாதபோது அலுவலகத்தில் இருப்பது முறையாகாது. விதியை மீறக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரும் டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். படியில் இறங்கும்போதுதான் அகிலாண்டேஸ்வரிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சார், பகல் இல்லாத நாளுக்குச் சம்பளம் உண்டுமா?"

படிக்கட்டில் எல்லோரும் நின்றார்கள். தாணுமாலயன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். மேகத்தில் ஒரு நூல் அளவும் விரிசல் இல்லை. தூறல் அவர் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது.

"வெயில் அடிக்க மாதிரி தெரியுதே" என்றார்.

"சுள்ளுன்னு அடிக்கி சார்" என்றார் சங்கரநாராயணன்.

பலகை கழற்றப்பட்டது. பகல் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பகல் சம்பளக் கணக்குக்கு மட்டும் செல்லும், பரிசோதனைக்குச் செல்லாது என்று ஷரீபுன்னிசாவிடம் விளக்கினார்கள்.

அடுத்த நாளும் மேகம். அன்று புதிய யோசனை ஒன்று தோன்றியது. இந்த மாவட்டத்தில் சீசன் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்பதால், 'நீர்த்திவலைச் சூழலில் ஒளியின் நடத்தை' என்ற பரிசோதனையை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று தாணுமாலயன் தீர்மானித்தார். நீர்த்திவலை அதிகம் உள்ள இடம் குற்றாலம். அலுவலக ஜீப் ரிப்பேரில் இருந்தது.

"உங்க வண்டியிலேயே போயிருவோம்" என்றார்.

பரிசோதனைக் குழுவில் மூவரும் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் துண்டும் மாற்றுத்துணியும் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் இருந்தன. அகிலாண்டேஸ்வரி சீயக்காய்ப் பொட்டலம் வைத்திருந்தார். ஷரீபுன்னிசா ஸ்டிக்கருக்கு மேலாகத் தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

"சார், ஓடக் கூடாதுன்னு நீங்கதான் ஒட்டியிருக்கீய. இதுல நீங்களே வரலாமா?"

பின்சீட்டில் சாய்ந்திருந்த தாணுமாலயன் சிரித்தார். "நீங்க தனியா போனா அது ஓட்டம். நாங்க ஏறிட்டா அது ஆய்வு."

மெயினருவியில் கூட்டம் நெரிந்தது. காரின் விளக்குகளை அருவியைப் பார்த்து எரியவிட்டு நிற்கச் சொல்லிவிட்டு, நீர்த்திவலையை நேரில் ஆராய மூவரும் போனார்கள். இன்ஜினை அணைத்தால் விளக்கு அணைந்துவிடும் என்பதால் ஷரீபுன்னிசா பெட்ரோலை எரித்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து எண்ணெய் பளபளக்கும் முகங்களோடு திரும்பி வந்தார்கள். அங்கிருந்து பிரானூர் பார்டருக்குப் போய்ப் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டார்கள். இரண்டாவது தட்டு வரும்போது அவள் கேட்டாள்.

"ரிசல்ட் என்ன சார்?"

தாணுமாலயன் கையைக் கழுவிவிட்டு வந்து யோசித்தார். "அருவிக்குள்ள நிக்கும்போது தண்ணி கண்ணுல விழுந்துட்டு. வெளக்கு தெரிஞ்சுதா இல்லையான்னு உறுதியா சொல்ல முடியலை. நாளைக்கு ஐந்தருவியில பாப்போம்."

அன்று வீட்டுக்கு வந்து ஷரீபுன்னிசா காரின் முன்னால் நின்று அழுதாள். பல்பு மாற்றியதற்காக அல்ல. இத்தனை நாளும் பயந்து பயந்து, எதிரே வரும் லாரிக்கெல்லாம் ஓரம் ஒதுங்கி, கிளச்சில் கால் வலித்துக் கற்றுக்கொண்டதெல்லாம் மூன்று பேரை அருவிக்குக் கூட்டிப்போகத்தானா என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. கணவனிடமிருந்து போன் வந்தது. தன் தம்பியை ஒரு டாக்சியில் ஏர்போர்ட்டுக்கு அனுப்பும்படி சொன்னான். சரி என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு முகத்தைக் கழுவினாள். கழுவும்போதே ஒரு யோசனை வந்தது.

ஐந்தருவி ஆய்வு முடிந்து மூவரும் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அவள் பேச்சை எடுத்தாள்.

"சார், அருவியில தண்ணி கண்ணுல விழுதுங்கீய. பனிமூட்டமா மஞ்சு நல்லா இருக்க இடம்னா உங்களுக்கு வசதியா இருக்குமா?"

"மஞ்சா? எங்கன?"

"புளியரை தாண்டி, எஸ் வளைவுக்கு மேல. கோட்டைவாசல்ல நீங்க மூணு பேரும் நில்லுங்க. நான் கீழ இருந்து மேல ஏறி வாறேன். வெளக்கு எவ்வளவு தூரத்துல தெரியுதுன்னு நேருக்கு நேரா பாத்துக்கிடலாம்."

தாணுமாலயன் முகம் மலர்ந்தது. எதிர்த்திசைப் பார்வைச் சோதனை என்று ஒன்று விதிகளில் இருந்தது. அதை இதுவரை யாரும் நடத்தியதில்லை. அதை முதலில் நடத்திய அதிகாரி என்று தன் பெயர் இருக்கும். "எப்ப வச்சுக்கலாம்?"

"வெள்ளிக்கிழமை காலையில சார்."

வெள்ளிக்கிழமை மலை முழுக்க மஞ்சு இறங்கியிருந்தது. திருவனந்தபுரம் போகும் மலைச்சாலையில் தமிழ்நாட்டு எல்லை முடியும் கோட்டைவாசலில், கேரளத்தின் வரவேற்புப் பலகைக்கு நாலடி முன்னால், அவள் மூவரையும் இறக்கிவிட்டாள். அவர்களிடம் ஒரு குடை இருந்தது. அவள் காரைத் திருப்பிக்கொண்டு எஸ் வளைவுக்குக் கீழே போனாள். அங்கே நிறுத்தி, பிஸ்மில்லா சொல்லி, மறுபடி திருப்பி ஏறினாள்.

மேலே நின்றவர்களுக்கு முதலில் ஒன்றுமே தெரியவில்லை. சாலையும் இல்லை, மரமும் இல்லை. வெறும் வெள்ளை. கீழேயிருந்து லாரிகள் முனகும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அந்த வெள்ளைக்குள் வெள்ளையாகவே இரண்டு புள்ளிகள் தோன்றின. வளைவில் மறைந்து, மறுபடி தோன்றி, பெரிதாகிக்கொண்டே வந்தன. காருக்கு முன்னால் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. அது பக்கத்தில் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் லாரி என்றே தெரிந்தது. சங்கரநாராயணன் துள்ளி ஓரம் ஒதுங்கினார்.

"சார், கார் நல்லா தெரியுது சார்" என்றார் அவர், தன்னை மறந்து.

"தெரியுதுன்னு நீரே சொல்லக் கூடாது ஓய். மீட்டர் சொல்லணும்."

கார் வந்து அவர்கள் பக்கத்தில் நின்றது. ஷரீபுன்னிசா கண்ணாடியை இறக்கினாள்.

"தெரிஞ்சுதா சார்?"

"தெரிஞ்சுது. ஆனா எவ்வளவு தெரியலாமோ அதுக்கு மேல தெரிஞ்சுதுன்னு நெனைக்கேன். விதியில என்ன சொல்லியிருக்குன்னா..." தாணுமாலயன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

காருக்குப் பின்னால் இன்னொரு லாரி வந்து நின்று ஹாரனை அமுக்கியது. அதன் பின்னால் ஒரு பஸ். அதன் பின்னால் என்ன இருந்ததென்று தெரியவில்லை, ஆனால் அதுவும் ஹாரன் அடித்தது.

"சார், வழியில நிக்கேன். வண்டியை எடுத்தே ஆகணும். அவுஹ ஃப்ளைட்டும் வந்துரும்" என்று சொல்லிவிட்டு ஷரீபுன்னிசா முதல் கியரைப் போட்டாள்.

"எம்மா, நில்லு! சோதனை முடியலை! நிறுத்தும்மா!" சங்கரநாராயணன் காரோடு கூடவே ஓடினார். கார் பலகையைத் தாண்டியது. அவர் ஒரு காலைத் தூக்கினார்.

"ஓய்!" என்று தாணுமாலயன் பின்னாலிருந்து கத்தினார். "கால வைக்காதேயும்! அதுக்கு அங்கிட்டு நமக்கு அதிகாரம் கிடையாது!"

தூக்கிய காலை அவர் தமிழ்நாட்டிலேயே கீழே வைத்தார்.

திரும்பிப் போக அவர்களுக்கு வண்டி இல்லை. நெடுநேரம் நனைந்த பிறகு, கேரளத்திலிருந்து அன்னாசிப்பழம் ஏற்றி வந்த வேன் ஒன்று நின்றது. அதற்கு முன்னால் ஒரு விளக்கும் எரியவில்லை. எரியாத விளக்கால் விதிமீறல் இல்லை என்பதால் மூவரும் பழங்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

திருவனந்தபுரத்தில் வெயில் அடித்தது. கயிறு கட்டிய பெட்டிகளை டிராலியில் தள்ளிக்கொண்டு வந்த அகமது கபீர், கூட்டத்தில் தம்பியைத் தேடினான். மனைவியைக் கண்டு திகைத்தான்.

"நீ எங்க வந்த? தம்பி எங்க?"

"வரலை."

"பின்ன யாரு கூட்டிட்டு வந்தா?"

அவள் கையை விரித்துச் சாவியைக் காட்டினாள். அவன் சாவியைப் பார்த்தான். காரைப் பார்த்தான். தானே ஓட்ட வலதுபக்கக் கதவை நோக்கிப் போனான். அதற்குள் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். சுற்றிக்கொண்டு வந்து இடதுபக்கம் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டான். தென்மலை வரும்வரை பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

சில நாளில் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. தாணுமாலயன் அதைத் தாமே எழுதியிருந்தார். எதிர்த்திசைப் பார்வைச் சோதனையின் நடுவில் வாகனம் அதிகார எல்லையைத் தாண்டிவிட்டதால், அந்தச் சோதனை தேறியதாகவும் கருத முடியாது, தோற்றதாகவும் கருத முடியாது. தோற்றதாக எழுதினால், மாவட்டத்தின் முதல் எதிர்த்திசைச் சோதனையை அதிகாரி கோட்டை விட்டார் என்று ஆகிவிடும். ஆகவே சோதனை இன்னமும் நடந்துகொண்டிருப்பதாகத் தீர்மானிக்கப்பட்டது. நடந்துகொண்டிருக்கும் சோதனைக்கு எவரும் இடையூறு செய்யக் கூடாது.

சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துவிட்டு, ஓரத்தில் சின்னதாக 'ஆய்வில் உள்ளது' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அன்று முதல் தென்காசி வட்டாரத்தில் அந்தக் காரை நிறுத்த யாருக்கும் துணிவில்லை. அலுவலகத்தின் எல்லா அனுமதியும் பெற்ற வண்டிகள் தூறலில் வரிசையாக நின்றுகொண்டிருக்கும்போது, எந்த அனுமதியும் பெறாத அந்தக் காருக்குச் சங்கரநாராயணன் குடையை மடக்கி வழிவிட்டார்.

ஒரே ஒரு தடவைதான் நிறுத்தினார். அன்று ஸ்டியரிங்கில் கபீர் இருந்தான்.

"நீங்க யாரு?"

"வண்டி ஓனர் சார்."

"ஓனரா இருந்துக்கோங்க. சோதனை ஓட்டுநர் அந்த அம்மாதான். வேற ஆளு ஓட்டுனா ரிசல்ட்டு கெட்டுரும். எறங்குங்க."

கபீர் வாதாடினான். பதினைந்து வருஷம் அரபு நாட்டில் ஓட்டியவன் என்றான். அங்கே ஓட்டியது அங்கே செல்லும் என்றார் சங்கரநாராயணன். கபீருக்கு முகம் சிவந்தது. தன் காசில் வாங்கிய கார், தன் ஊர் ரோடு. ஷரீபுன்னிசா இறங்கி, சுற்றி வந்து, அவன் கதவுக்குப் பக்கத்தில் சாரலில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் இறங்கி இடம் மாறினான்.

பழைய குற்றாலத்துக்குப் போகும் வழியில், அவன் கோபமாக இருக்கிறான் என்று அவள் ரோட்டையே பார்த்து ஓட்டினாள். மேகம் சற்று விலகியிருந்தது. வெகுநேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தபோது, அவன் சீட்டைப் பின்னால் சாய்த்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டாத குறையாக உட்கார்ந்திருந்தான்.

"மெதுவா ஓட்டுடி" என்றான். "இந்த மலையை நான் ஒருநாளும் சரியாப் பாத்ததே இல்லை."